நீ வைத்த தகடு

நைனா,

சேவியர் மாமா கரிக் கையோடு என் தோளைப் பிடித்த இடம் யூனிபார்ம் துப்பட்டாவில் கறுப்பாக இருக்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டும் டீசல் வாசனை போகவில்லை. அம்மா தூங்கியபிறகு எழுதுகிறேன்.

நீ போனபின் உன் லாரியை மாமாதான் ஓட்டுகிறார். ஒரு மாதமாக மைலேஜ் இல்லை. நேற்று எண்ணூர் யார்டில் ஓனர் எல்லார் முன்னாலும் கேட்டாராம்: "அவன் கையில லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குடுத்த வண்டி, உன் கையில மூணுதான் குடுக்குது. மீதி டீசல மாதவரத்துல யாருக்கு ஊத்தி விக்கிற?"

"மாதா சத்தியமா தொடல, ஓனரே."

"மாதாவுக்கு டீசல் இன்னாத்துக்கு? நாளைக்குள்ள காரணம் சொல்லு. இல்லாட்டி சாவிய வச்சிட்டுப் போ."

காரணம் எனக்குத் தெரியும். போன வருஷம் உனக்குச் சோறு கொண்டுவந்தபோது நீ ஒரு இரும்புத் தகட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாய். புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் வால்வு, கரி பிடித்து மூடாமல் நின்றுவிட்டது, அதனால்தான் வண்டி டீசல் குடிக்கிறது என்றாய். "புது வால்வு கேட்டா ஓனர் காதுலயே வாங்கல. தகடு வச்சு அடைக்கிறேன். புகை ரூல்படி தப்புதான். யார்கிட்டயும் சொல்லாத, வேல பூடும்."

அதற்குப் பிறகு ஓனர் எல்லா டிரைவர்களுக்கும் மைலேஜுக்கு உன்னைத்தான் உதாரணம் காட்டினார். உன் சாவுக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எழுந்து நடமாடுகிறாள்.

இன்று ஸ்கூல் விட்டதும் யார்டுக்குப் போய் மாமாவிடம் தனியாகச் சொன்னேன். "போன மாசம் எஃப்.சி. சோதனைக்கு வுட்டப்போ ஒர்க்‌ஷாப்ல ஏதோ தகடு கழட்டிப் போட்டாங்க கண்ணு. நான் இன்னான்னு கேக்கல" என்றார். என் பெயரை விட்டுவிட்டு ஓனரிடம் சொன்னார். நான் கேட் அருகில் நின்றேன். மெக்கானிக் கழற்றியபோது வால்வு திறந்தபடியே இறுகிக் கிடந்தது. டீசலில் கழுவியும் அசையவில்லை. ஓனர் புது வால்வு வாங்க ஆள் அனுப்பினார். மாமாவைக் காலையில் லோடு எடுக்கச் சொன்னார். அப்புறம், "அவனப் போய் யோக்கியன்னு நம்பிகினு இருந்தேன்" என்றார்.

மாமா கேட் பக்கம் வந்து கரிக் கையோடு என் தோளைப் பிடித்தார். அப்போதுதான் வேலை திரும்பக் கிடைத்த ஆள், என்ன பேசுவார்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. "செத்தவன் மேல எந்தக் கலீஜு கோள் சொல்லுச்சோ, அது உருப்படாது" என்று அம்மா அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள். "யாருன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

நீ இருந்திருந்தால் நீயே மாமாவிடம் சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை. அப்படி நினைத்துக்கொண்டுதான் நாளைக்கு அம்மா எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.