மூன்றாம் ஷெட்டில் அடித்த தண்ணீர்

ஆகஸ்ட் 11, திங்கள்

சவூதி, தம்மாம். காலை ஏழுக்கே சட்டை ஒட்டும் புழுக்கம். மூன்றாம் ஷெட்டில் பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடு டிரம் ஒன்று கசிவு. ஈரக்காற்று பட்டே புகை. உலர்ந்த மணலைக் கொட்டி மூட வேண்டும், அவ்வளவுதான். ஊரே மணல். ஆனால் இங்கே எது சிந்தினாலும் ஹோஸ் பிடித்துக் கழுவுவதுதான் பழக்கம். டீசலோ தயிரோ, ஒரே வைத்தியம்.

சூப்பர்வைசர் தமிழன்தான், ஆர்டர் மட்டும் இந்தியில். "பானி மாரோ, ஜல்தி." சீக்கிரம் தண்ணீர் அடிக்க வேண்டுமாம். முருகேசன் அடித்தான். அரியலூர்க்காரன், கான்ட்ராக்ட் லேபர். படபடவென்று கொதித்து வெள்ளைப் புகை, ஷெட் முழுக்க. தண்ணீர் பட்டால் மேலே ஹைட்ரஜன் குளோரைடு, கீழே பாஸ்பரஸ் அமிலம், கூடவே சூடு. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த ஸ்டோர் கீப்பர், நான், பத்தடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. போன வாரம் எல்லார் முன்னாலும் "நீ என்ன பெரிய சயின்டிஸ்டா?" என்று கேட்ட ஆள் அந்த சூப்பர்வைசர்.

இருமிக்கொண்டு வந்த முருகேசனுக்கு லபான் பாக்கெட். மோர் குடித்தால் சரியாகிவிடுமாம். தூ.

12, செவ்வாய்

வாங்க: சோப்பு, பிளேடு, ரீசார்ஜ்.

காலையில் கேம்ப்பில் முருகேசனுக்கு மூச்சு விட முடியவில்லை. ராத்திரி நன்றாகத்தான் சாப்பிட்டானாம். நுரையீரலில் நீர் என்கிறார் டாக்டர். இந்தப் புகை தாமதமாகத்தான் வேலையைக் காட்டும். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக் கேட்டான்: "தண்ணிதான பாய் அடிச்சேன். தண்ணி எப்படி பாய் சுடும்?"

பதில் தெரியும். மாஸ்க்கை மறுபடி மாட்டிவிட்டேன்.

14, வியாழன்

ரிப்போர்ட் டைப் ஆகி வந்துவிட்டது. "தொழிலாளி அனுமதியின்றித் தண்ணீர் அடித்தார்." சாட்சி என் பெயர். அவன் தப்பு என்றாகிவிட்டால் சிகிச்சை முடியும் முன்பே ஊருக்கு டிக்கெட். அயோக்கியத்தனம்.

சூப்பர்வைசர் டீயோடு வந்து குழைகிறான். "கையெழுத்தப் போடு பாய், கலாஸ், முடிஞ்சுது. உன் லீவ நான் பாஸ் பண்றேன்." டீயைக் குடித்தும் தொலைத்தேன்.

15, வெள்ளி

ஜும்ஆ தொழுகையில் மனம் நிற்கவில்லை. நேரே ஆஸ்பத்திரி. ரிப்போர்ட் விஷயம் முருகேசன் காதுக்கும் போயிருக்கிறது. "கையெழுத்தப் போட்டுருங்க பாய். உங்களுக்கும் புள்ளைங்க இருக்கு." மூக்கில் குழாயோடு எனக்காகப் பேசுகிறான். அறையலாம் போல வந்தது. அவனையா, என்னையா, தெரியவில்லை.

16, சனி

கையெழுத்துப் போட்டேன். அந்த வரியை அடித்துவிட்டு, மேலே என் கையால்: "தண்ணீர் அடிக்கச் சொன்னது சூப்பர்வைசர். கூடாது என்று தெரிந்தும் பேசாமல் நின்றது நான்."