முன்னணை என்ற சொல்

டிச. 20, சனி

காலையில் பனி. போத்தனூர் ஸ்டேஷன் தெரியவே இல்லை. வாங்க வேண்டியது: நட்சத்திரத்துக்கு பல்பு, பச்சரிசி, எள்ளு, எனக்கு ஒரு பேனா.

முதியோர் கல்வி வகுப்பு லீவு. ஜூனில் சேர்ந்தேன். இப்போது நானே எழுதுகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் காபி ஆறிவிட்டது. ஆறட்டும். என் கையெழுத்து. பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்.

கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் இங்கேதான். கூடப் பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வேதப் பகுதி வாசிப்பது தம்பி தேவராஜ், ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர். வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில் இருந்த காலத்திலிருந்தே அவன்தான். இந்த வருஷம் நான். மனைவியிடம் சொன்னேன்.

"ஏனுங்க, தம்பிகிட்ட கேட்டுப்போட்டீங்களா?"

எதற்குக் கேட்க வேண்டும். அவனுக்கு நான் மூத்தவன்.

டிச. 21, ஞாயிறு

கோயிலில் பிள்ளைகள் எல்லாம் புதுச் சட்டை. பழைய ஞாபகம்.

நாங்கள் ஒன்பது பேர். அப்பா ஒரே துணியாக வாங்கி வருவார். பெண்களுக்குப் பாவாடை, எங்களுக்குச் சட்டை. ஒரு வருஷம் நீலத்தில் வெள்ளைப் பூ. வரிசையாகப் போனால் ஜன்னல் திரை நடந்து போகிறது என்று லைனில் சிரித்தார்கள். யார் சட்டைக்கும் பை கிடையாது. தேவராஜ் சட்டைக்கு மட்டும் உண்டு, பேனா வைக்க. டெய்லரிடம் சொன்னது அம்மா. அவன் பள்ளிக்கூடம் போனான். அம்மாவும் பெரியக்காவும் தேயிலை பறிக்கப் போனால் தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும். அது நான்.

வாசித்தவனுக்குத்தான் முதல் தட்டு. எங்கள் வீட்டு வழக்கம். கோழிக்கால் அவனுக்கு, எனக்குக் கழுத்து. போன வருஷம்கூட என் மருமகள் அவனுக்குத்தான் முதலில் வைத்தாள். என் வீட்டில்.

டிச. 23, செவ்வாய்

முறுக்கு சுட்டாயிற்று. வாசித்துப் பழகினேன். எல்லாம் வருகிறது. 'முன்னணை' வந்தால் நாக்கு நின்றுவிடுகிறது.

காரணம் இருக்கிறது. சின்ன வயதில் அவன் வாசிக்க என் காதில் விழுந்தது 'முன் அணை'. எஸ்டேட்டுக்குக் கீழே அப்போது அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தை இயேசுவை அணைக்கு முன்னால் படுக்க வைத்தார்கள் என்றே நினைத்திருந்தேன். ஒரு வருஷம் குடில் வைக்கும் வேலை எனக்கு. கல் அடுக்கி, களிமண் பூசி, அணை கட்டி ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றினேன். மாட்டுப் பொம்மை மிதந்தது. தேவராஜ் எல்லார் முன்னாலும் சொன்னான்:

"அண்ணா, முன்னணைன்னா மாட்டுக்குத் தீவனம் போடற தொட்டிங்க."

அன்றைக்கு விழுந்த பெயர் அணைக்கட்டு. இன்றைக்கும் பேரப்பிள்ளைகளுக்கு நான் அணைக்கட்டுத் தாத்தா.

டிச. 24, புதன்

கேக் வந்தது. பல்பு ஒன்று எரியவில்லை. தம்பி போன் செய்தான். நாளைக்கு நான் வாசிக்கிறேன் என்றேன். "சரிங்ணா. நீங்களே படிங்க." குரல் இறங்கிப்போய்விட்டது. எனக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது.

டிச. 25, வியாழன்

கை வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

பெரியக்கா ஆரம்பித்தாள். "அணைக்கட்டா படிக்கறான்? அப்ப பிரியாணிய மூடி வெய்யுங்க. பொங்கலுக்குத்தான் சோறு." ஒரே சிரிப்பு.

விரல் வைத்து வாசித்தேன். தம்பி கண்ணை மூடியிருந்தான். உதடு மட்டும் அசைந்தது, எனக்கு ஒரு வார்த்தை முன்னாலேயே. அத்தனையும் மனப்பாடம்.

அந்தச் சொல் வந்தது. நின்றுவிட்டேன். எல்லார் முகத்திலும் சிரிப்பு ஏறுகிறது. யாரோ "அணை..." என்று இழுத்தார்கள். தம்பி கண்ணைத் திறக்கவில்லை.

"ஆரும் எடுத்துக் குடுக்காதீங்க. அண்ணன் வந்துருவாருங்க."

எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். வந்துவிட்டது. முழுவதும் வாசித்து முடித்தேன். கை தட்டினார்கள். முதல் தட்டு எனக்கு. கோழிக்கால் இரண்டு.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பெரியக்கா என் மனைவியிடம்: "தேவராசுக்கு எத்தன பெரிய மனசு பாரு அம்மணி. உட்டுக் குடுத்துட்டானே." மருமகளும் ஆமாம் போட்டாள்.

வாசித்தது நான். பெயர் அவனுக்கு.

டிச. 26, வெள்ளி

வெயில். மிச்ச முறுக்கு டப்பாவில். மூட்டு வலி.

தம்பி போன். நேற்று நன்றாக இருந்தது என்றான். பேத்திக்குச் சளி என்றான். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்தான். பிறகு,

"அண்ணா, புது வருசத்துக்கு நான் படிக்கட்டுங்களா?"

இத்தனை வருஷத்தில் அவன் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.