மூன்றாம் கட்டிலில் என் தங்கை

தை 16, வியாழன்

மூடுபனி. எட்டு மணி ஆகியும் குடவாசல் ரோட்டில் எதிரே வரும் சைக்கிள் தெரியவில்லை. வார்டு ஜன்னல் கம்பியெல்லாம் ஈரம். குழந்தைத் துணி எதுவும் காயவில்லை. ஆயா கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து அதில் போட்டுக் காயவைத்தாள். எல்லாத் துணியிலும் புகை வாசம்.

வாங்க வேண்டியது: ஸ்டவ் திரி, பினாயில், என் செருப்புக்கு வார்.

கட்சிக்காரர்கள் வந்து வார்டு வாசலில் புது முதலமைச்சர் படம் மாட்டினார்கள். ஆணி நிற்கவில்லை. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்ததுதான் மிச்சம். கூட்டிப் பெருக்கியது நான்.

வீட்டுக்காரம்மாவின் மருமகள் விஜயாவுக்கு நேற்றுப் பிரசவம். ஆண் குழந்தை. நல்ல எடை. இரண்டாம் கட்டில். வீ.அம்மா (இனி இப்படித்தான் எழுதுவேன், கை வலிக்கிறது) பகலெல்லாம் வார்டிலேயே. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்ம வீட்டுல குடியிருக்கிற நர்ஸுதான் பார்த்துக்குது, நம்ம புள்ளைதான்" என்கிறாள்.

நம்ம புள்ளை. பின்கட்டு அறைக்குக் குடிவந்த அன்று, "நம்மவங்கதானே?" என்று அவளே கேட்டு அவளே தலையாட்டிக்கொண்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அடுக்களைக் குடத்தில் தண்ணீர் மொண்டு குடிக்கிறேன். மகன் கட்சி மேடையில் சமத்துவம் பேசுகிறவர். பண்ணையாட்களுக்குக் கொல்லைப்புறத்தில் தனித் தகர டம்ளர். அதைப் பார்க்காமல் போகப் பழகிவிட்டேன்.

தை 17, வெள்ளி

பனி குறைவு. வெயில் சுருக்கென்று.

காத்தாயி வந்தாள்.

என் தங்கை. கூடப்பிறந்தவள். கட்டிக்கொடுத்த ஊருக்கு நான் போனதே இல்லை, கல்யாணத்துக்கும் பரீட்சை என்று சொல்லிவிட்டேன். மாட்டு வண்டியில், வைக்கோல் மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கூட ஒரே ஒரு பொம்பளை, அந்த ஊர்க்காரி. என்னைத் தெரியாது.

அவள் சொன்னது: கூலி உயர்த்திக் கேட்டதற்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கிவிட்டார். வயலில் கைகலப்பு. போலீஸ் வந்து ஆம்பளைகளை எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டது. காத்தாயி புருஷனையும். நிறைமாசக்காரி வரப்பிலேயே லாரி பின்னால் ஓடியிருக்கிறாள்.

வண்டியிலிருந்து இறக்கும்போது என்னைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. வாய் திறந்தது. என் பக்கத்தில் வீ.அம்மா, கையில் எனக்குக் கொண்டுவந்த காப்பியோடு.

நான் குனிந்து பிரஷர் கருவியின் பெல்ட்டைப் பிரித்தேன். "பேரு என்ன?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தாள். வீ.அம்மாவைப் பார்த்தாள்.

"காத்தாயிங்க."

"புருஷன் பேரு?"

"அத எப்படிங்க நான் சொல்றது." கூட வந்தவள்தான் அந்தப் பேரைச் சொன்னாள்.

"வயசு?"

"தெரியாதுங்களே நர்ஸம்மா."

தெரியும் அவளுக்கு. எனக்கும் தெரியும். அவள் பிறந்தபோது அம்மா நடவுக்குப் போய்விட, இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தவள் நான்.

பிரஷர் ரொம்ப அதிகம். கால் வீங்கி, அழுத்தினால் விரல் குழி அப்படியே நிற்கிறது. சிறுநீரைக் குழாயில் சூடு காட்டினேன். முட்டை வெள்ளை போலத் திரண்டது. டாக்டரம்மா, "தஞ்சாவூருக்கு அனுப்பணும். ஆனா ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டிருக்காங்களாம், ஒரு வண்டியும் வராது. இங்கயே பார்ப்போம். தலைவலி இருக்கா, கண்ணு மங்குதான்னு அப்பப்ப போய்க் கேட்டுக்கிட்டே இருங்க. இருக்குன்னா ஜன்னி வரப்போகுதுன்னு அர்த்தம், உடனே என்னைக் கூப்பிடணும்" என்றார். மாத்திரை கொடுத்து மூன்றாம் கட்டிலில் போடச் சொன்னார்.

விஜயா கட்டிலுக்கு அடுத்த கட்டில்.

வீ.அம்மா: "கொடி புடிக்கிறவ எல்லாம் நம்ம பொண்ணு பக்கத்துலயா? வேற இடம் இல்லியா?"

இல்லை என்றேன். அவ்வளவுதான் என் வீரம்.

தை 18, சனி

எழுத முடியுமா பார்க்கிறேன்.

காலையில் மூன்றாம் கட்டிலுக்கு ஆயாவைத்தான் கஞ்சி கொடுக்க அனுப்பினேன். மாத்திரையும் அவள் கையில். நான் போகவில்லை. செய்த வேலைகள்: ஊசி கொதிக்கவைத்தேன், பஞ்சு உருட்டினேன், அலமாரியைத் துடைத்தேன். அதை நேற்றே துடைத்திருந்தேன்.

ஒரே ஒரு தடவை கேட்டேன். கட்டில் கால்மாட்டில் நின்று, விஜயாவின் குழந்தைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த வீ.அம்மா காதில் விழும்படி, யாரோ ஒருத்தியிடம் கேட்பதுபோல.

"தலைவலி இருக்கா? கண்ணு மங்குதா?"

"ஒண்ணுமில்லீங்க." கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள்.

கிட்டே போய் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இவளுக்கு வலி என்றால் கீழுதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே. நான் திரும்பி நடந்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். ஆயா கத்தினாள். ஓடினேன். ஜன்னி. கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, வாயோரம் நுரையும் ரத்தமும். கரண்டியில் துணி சுற்றிப் பல்லுக்கு நடுவே வைத்தேன். அதற்குள் நாக்கைக் கடித்துவிட்டிருந்தாள். டாக்டரம்மா சாப்பிட்ட கையோடு வந்தார். ஊசி. மறுபடி இழுப்பு. மறுபடி ஊசி.

"தலைவலின்னு சொல்லலியா இவ?"

"கேட்டேன் டாக்டர். இல்லேன்னா."

பொய் இல்லை. அதுதான் கேவலம்.

இடுக்கி போல ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார் டாக்டரம்மா. பெண் குழந்தை. கோழிக்குஞ்சு மாதிரி. நீலம். உள்ளங்காலில் தட்டினேன், முதுகைத் தேய்த்தேன், மூக்கில் இருந்ததை உறிஞ்சி எடுத்தேன். அழவில்லை, அழவில்லை, அப்புறம் பூனைக்குட்டி போல ஒரு சத்தம். பஞ்சில் சுற்றி இரண்டு பக்கமும் வெந்நீர்ப் புட்டி வைத்திருக்கிறது.

காத்தாயிக்கு நினைவு இல்லை.

கூட வந்தவள் ஊருக்குச் சொல்லப் போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "காத்தாயிக்கு ஆயி அப்பன் இல்லீங்க. ஒரு அக்கா இருக்குதாம், எங்கியோ பெரிய வேலையாம். நீங்கதான் பார்த்துக்கணும்" என்றாள்.

தை 19, ஞாயிறு

வெயிலா பனியா கவனிக்கவில்லை.

மூன்றாம் கட்டிலைச் சுற்றித் தட்டி. ஜன்னலுக்குப் போர்வை. வெளிச்சமும் சத்தமும் கூடாது. காலை பத்து மணி வாக்கில் காத்தாயிக்கு நினைவு வந்தது. ஜன்னல் போர்வையை விலக்கிக் கண்ணைப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. முகத்தில் வெயில் விழுகிறது. காத்தாயி, "வெளக்க ஏத்துங்களேன்" என்கிறாள்.

கண் தெரியவில்லை.

எழுந்திரிக்கப் பார்த்தாள். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கினாள். "யாரு? யாரு என்னைப் புடிக்கிறது? போலீசா?" ஆயா ஒரு கை, நான் ஒரு கை. திமிறினாள். டாக்டரம்மாவுக்குப் பயம், மறுபடி ஜன்னி வந்தால் தாங்காது என்று. "தெரிஞ்ச குரல் ஒண்ணு பேசினா அடங்குவா. இவ ஆளுங்க ஒருத்தர் கூடவா இல்ல?"

தட்டிக்கு அந்தப் பக்கம் வீ.அம்மாவின் வளையல் சத்தம்.

"காத்தாயி, நாந்தான். அக்கா."

திமிறல் நின்றது. தலையை என் பக்கம் திருப்பி, மெதுவாக, "எந்த அக்கா?" என்றாள்.

அந்த நிலையிலும் நான் நழுவிக்கொள்ள ஒரு வழி விட்டுக் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"உன் அக்காடி. அஞ்சலை." சத்தமாகத்தான் வந்தது. வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

என் தோளைத் தடவிப் பார்த்தாள். முகத்தைத் தடவினாள். பிறகு அடங்கிவிட்டாள். டாக்டரம்மா என்னையே பார்த்தார்.

தைரியமாகச் சொன்னேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. டாக்டரம்மா கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருப்பேனா? தெரியாது.

தை 20, திங்கள்

என் பெட்டி, பாய், ஸ்டவ் எல்லாம் தெருவில். துணிகளை ஒரு கோணியில் கட்டி வைத்திருந்தார்கள். என் துணியைத் தொட்டுக் கட்டியது யார் என்று தெரியவில்லை. நான் தண்ணீர் மொண்டு குடித்த குடம் குப்பைமேட்டில். வீ.அம்மா வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும்: "சோறு போட்ட வீட்டையே ஏமாத்திட்டியே."

கோணியைத் தூக்கிக்கொண்டேன். அவளை ஏமாற்றியதைவிட, தங்கையிடம் பேரு என்ன என்று கேட்டதுதான் கூசுகிறது.

டூட்டி ரூமில் தங்கிக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. "உங்க தங்கச்சின்னு வந்தப்பவே சொல்லியிருந்தா என்ன?" திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீ.அம்மா சாப்பிடப் போன நேரம், விஜயா கூப்பிட்டாள். "நர்ஸு, புள்ள மாருல வாய் வைக்கமாட்டேங்குது. அத்தை வர்றதுக்குள்ள வந்து வச்சுக் காட்டுங்களேன்." வைத்துக் காட்டினேன். குழந்தை நன்றாகக் குடித்தது. "போயிருங்க, அத்தை வந்துரும்" என்றாள். அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவள் செய்தது நான் செய்ததுதான்.

காத்தாயிக்கு இன்னும் கண் மங்கல். பிரஷர் இறங்குகிறது. குழந்தை சங்கில் பால் குடிக்கிறது, சொட்டுச் சொட்டாக.

தை 22, புதன்

லேசான பனி. ரோடு திறந்துவிட்டார்கள். முதல் பஸ் வந்தது.

விடிந்ததும் காத்தாயி, "அக்கா, உன் சேலைக்கரை நீலமா?" என்றாள். நீலம்தான். ஆயா சாமி கும்பிட்டாள். நான் வராண்டாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

புருஷனை இன்னும் விடவில்லை. நாகப்பட்டினத்தில் வைத்திருக்கிறார்களாம். குழந்தைக்குப் பெயர் அவர் வந்துதான்.

தலை வாரிவிட்டேன். சிக்கு. வீ.அம்மா பற்றி அவள் கேட்கவில்லை. பேரு என்ன என்று நான் கேட்டதைப் பற்றியும் கேட்கவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன்.

"அன்னைக்குத் தலைவலி இருக்கான்னு கேட்டேனே. நெசமாவே இல்லியா?"

"மண்ட பொளந்துச்சு. கண்ணுக்கு முன்னால பூச்சி பறந்துச்சு."

"ஏண்டி சொல்லல?"

குழந்தையின் பஞ்சைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "சொன்னா நீ கிட்ட வருவ. நெத்தியில கைய வைப்ப. எனக்கு அக்கான்னு வாய்ல வந்துரும். அந்தம்மா நின்னுச்சுல்ல. உனக்கு எதுக்கு சங்கடம்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன்."

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது.

"அழுவாத. புள்ள முழிச்சிருச்சு பாரு, தூக்கு" என்றாள்.

தூக்கினேன்.