துணியில் வந்த மஞ்சள்

சித்தூர்,
14 செப்டம்பர் 1936

அன்பு மகள் சுகிர்தத்துக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் நைனாவும் உன் தம்பி பெண்டாட்டி தபீதாளும் சுகம், நீயும் ரங்கூன் ஆஸ்பத்திரி வேலையில் அப்படியே இருக்க தினமும் ஜெபிக்கிறோம். தம்பி தேவானந்தம் இன்னும் மதனப்பள்ளி ஆரோக்கியவரம் க்ஷயரோக ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்கிறான். போன வாரம் போய்ப் பார்த்தோம், ஒரு ராத்தல் எடை ஏறியிருக்கிறதாம், இருமல் மட்டும் விடவில்லை. அதனால் பூரண சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நீ அனுப்பிய முகக் கிரீம் டப்பா வந்து சேர்ந்தது. சாயந்திரம் வெறும் சோப்பு போட்டால் போதாது, முதலில் கிரீமைத் தடவி, பழைய மல் துணியால் மெல்லத் துடைத்து, அப்புறம்தான் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் என்று நீ நர்சம்மா தோரணையில் எழுதியிருந்ததைப் படித்து எனக்கு ஒரே சிரிப்பு. நாற்பத்தெட்டு வருஷமாக நான் கழுவியது முகமில்லையா? ஆனாலும் என் புத்தி உனக்குத் தெரியுமே, எதையும் செய்து பார்க்காவிட்டால் மண்டை குடையும். முதல் நாள் துடைக்க மறந்து அப்படியே தண்ணீரை ஊற்றிக்கொண்டேன், முகம் நெய்க்குண்டான் மாதிரி வழவழ என்று ஆகிவிட்டது. மறுநாள் நீ சொன்னபடியே செய்தேன். அம்மாடி, காலையில் சோப்பு போட்ட முகத்திலிருந்தா அவ்வளவு கறுப்பு! அடுப்புக் கரியாகத்தான் இருக்கும். அது தோலுக்கு மேலே படிந்ததா, உள்ளே ஊறினதா, உங்கள் பெரிய டாக்டரம்மாவிடம் கேட்டு எழுது. அப்புறம் நைனாவைப் பிடித்து உட்காரவைத்தேன். இந்த வயசுல எனக்கு நலங்கா வைக்கிறே என்று முறைத்தார். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் தூளும் பலமனேர் ரோட்டுச் செம்மண்ணும் கலந்து துணி செங்கல் நிறத்தில் வந்ததும், அவரே அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

நைனா வெளியே கிளம்பினதும் தபீதாளைக் கூப்பிட்டேன். எனக்கு வேணாம் அத்தே என்று நழுவினாள். நகரியில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்து, கல்யாணத்துக்கு முன்புதானே ஞானஸ்நானம் எடுத்தாள், இன்னும் கூச்சம் போகவில்லை என்று நினைத்து நானே இழுத்து உட்காரவைத்துத் தடவித் துடைத்தேன். துணியில் மஞ்சள். மறுபடி துடைத்தேன், மறுபடியும் மஞ்சள். மஞ்சள் பூசுவது விக்கிரகக்காரர் வழக்கம், பூசுகிறவள் கர்த்தருடைய இராப்போஜனப் பந்திக்கு வரக்கூடாது என்று மாதர் சங்கத்தில் எழுந்து நின்று பேசியவளே நான்தானே! அந்த வாரம் ஞாயிறு இராப்போஜனம் வேறே. நைனாவோ சபை மூப்பர், அவர் காதுக்கு எட்டினால் போதகரிடம் சொல்லாமல் இருக்கமாட்டார், அப்புறம் இந்தப் பெண்ணைச் சபை நடுவே நிறுத்திவிடுவார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது ஆவல். நம் கண்ணில் படாமல் எப்போதடி பூசுகிறாய் என்று கேட்டேன். மத்தியானம் நான் கண்ணயர்ந்ததும் உரைத்துப் பூசி, சாயந்திர ஜெபத்துக்கு முன் சோப்பால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிடுவாளாம். சோப்புக்குப் போகாதது உன் கிரீமுக்கு வந்துவிட்டது. "ஏசுசாமியைத்தான் நம்பிக்கினு கீறேன் அத்தே. ஆனா புருசன் நல்லா இருக்கணும்னா பொண்டாட்டி முகத்துல மஞ்ச இருக்கணும்னு எங்க வூட்ல சொல்லுவாங்க. அவரு எழுந்து வந்துட்டா வுட்டுடறேன்" என்று சொல்லி அழுதாள். துணி வெள்ளையாக வரும்வரை அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு முழங்கால் போட்டேன், இரண்டு பேரும் இராப்போஜனம் வாங்கினோம்.

இன்னும் ஒன்று இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். நேற்று மத்தியானம் அவள் மஞ்சள் உரைக்கும்போது எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய் அவள் எதிரே உட்கார்ந்து என் கன்னத்தையும் காட்டினேன். அவள் விரலால் தொட்டு இரண்டு கன்னத்திலும் பூசிவிட்டாள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை, கர்த்தர் அறிவார். ஆனால் அங்கே இருமுகிறவன் என் பிள்ளை, சுகிர்தம். நான் செய்தது பாவமா, நீயே சொல்லு.

கர்த்தர் உன்னைத் தம்முடைய செட்டைகளுக்குள் வைத்துக் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. தம்பிக்கு வாரம் ஒரு கடிதமாவது போடு, தபால்காரனையே பார்த்துக் கிடக்கிறான். நைனாவுக்கு எழுதும்போது இது ஒன்றையும் எழுதாதே.

உன்னைப் பெற்ற அம்மா,
ஞானமணி