காடியின் ஆழம்

மார்ச் 4, செவ்வாய்

நாற்காலி கம்பெனிக்காரர் இன்றும் வந்தார். அவர் நாற்காலிகளின் கால்கள் ஏன் பிளக்கின்றன என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். நானும் மூன்றாவது தடவையாகச் சொன்னேன்: மரம் சரியாகக் காயவில்லை, நாரின் சுவருக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது, அது போகும்போது சுருங்கும், சுருங்கினால் பிளக்கும். "பாத்தா காஞ்ச மரம் மாதிரிதானே மேடம் இருக்கு?" என்றார். பார்த்தாலே தெரியும் என்றால் எங்களுக்கு எதற்குச் சம்பளம்.

மத்தியானம் அண்ணன் போன் செய்தான். "என்ன மரமண்டை, இன்னிக்கி எத்தனை மரத்த பாஸ் பண்ண?" மரப் பரிசோதனைக் கூடத்தில் நான் சேர்ந்த நாளிலிருந்து, இருபத்திரண்டு வருஷமாக, அதே பட்டம். தச்சு மேஸ்திரியான அவனுக்குத் தங்கை படித்துவிட்டாளே என்று ஒரு பெருமை, ஒரு நக்கல். அண்ணிக்குப் பல்வலியாம், நல்ல டாக்டர் தெரியுமா என்று கேட்டான். நம்பர் கொடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

சலவைக்கூடத்தின் கூரை விழுந்துவிட்டது. அண்ணன் போட்ட கூரை. மூன்று பெண்கள் செத்துப்போனார்கள்.

மார்ச் 7, வெள்ளி

நேற்று சாயங்காலமே அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணி போனில் அழவில்லை. "மாத்துச் சட்டை எடுத்துட்டுப் போகலாமா, விடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுக்கிற இடம் அந்தச் சலவைக்கூடம். நாள் முழுக்க நீராவி. செத்தவர்களில் இரண்டு பேர் இஸ்திரி போடுகிறவர்கள், ஒருவர் மடிக்கிறவர்.

காலையில் முதல் ஆளாக வேலைக்குப் போனேன். அலமாரியைத் திறந்து அந்தக் கூரைக்குப் போன உத்தர லாட்டின் கோப்பை எடுத்தேன்.

அந்த உத்தரங்கள் எங்களிடம் இரண்டு தடவை வந்திருக்க வேண்டியவை. முதலில் பச்சையாக அறுத்துக் காய்ந்ததும் ஒரு தடவை. பிறகு தீப்பிடிக்காமல் இருக்க அதில் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றுவார்கள், மறுபடி உலர் அறையில் காயவைப்பார்கள். அதற்குப் பிறகு இன்னொரு தடவை சோதிக்க வேண்டும். எங்கள் கூடத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஒரே லாட், ஒரே சோதனை. முதல் சோதனையின் எண்களை இரண்டாவது படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். லாரி வெளியே நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பான்.

கோப்பில் இரண்டு படிவமும் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே எண்கள். இரண்டிலும் என் கையெழுத்து.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன வருஷம் ஜனவரியில், கூரை ஏற்றும்போது, அண்ணன் போன் செய்தான். "மரமண்டை, இந்த மரம் இழைச்சா சுருள் வரலடி. பொடிப்பொடியா உதிருது. போடலாமா?" நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "உப்பு ஏத்துன மரம் அப்படித்தான் இருக்கும். அதான் சோதனைச் சீட்டு இருக்குல்ல, போடுண்ணே" என்றேன். அரை நிமிஷம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனைப் பார்க்க விட்டார்கள். பத்து நிமிஷம், நடுவில் ஒரு மேஜை. ஷேவ் செய்யாமல் அப்பா மாதிரி இருந்தான்.

எடுத்த எடுப்பில் கேட்டான்: "மூணு பேருமா?" ஆமாம் என்றேன். மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீ படிச்சவ. நீயே சொல்லு. என் கைத் தப்பா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தபோது வந்தது வேறு.

"காடி கொஞ்சம் ஆழமாப் போயிருக்குமோண்ணே."

காடி என்பது உத்தரத்தின் முனை சுவரில் உட்காருவதற்காக அடியில் வெட்டுகிற பள்ளம். அளவுக்கு மேல் வெட்டினால் உத்தரம் பலவீனமாகும். அண்ணன் எவ்வளவு வெட்டினான் என்று நான் பார்க்கவே இல்லை. அளக்கவும் இல்லை. ஏன் சொன்னேன்? எதையாவது சொல்ல வேண்டும், அது நானாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதை எழுதவே கூசுகிறது.

அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். "அப்படியா" என்றான்.

மார்ச் 10, திங்கள்

உடைந்த உத்தரத் துண்டுகள் எங்கள் கூடத்துக்கே சோதனைக்கு வந்துவிட்டன. மேலாளர், "யாரு பாக்கறீங்க?" என்றார். "நான் பாக்கறேன்." படிவத்தில் ஒரு கேள்வி: சம்பந்தப்பட்டவர் யாரேனும் உங்களுக்கு உறவா? அண்ணன் எங்கள் கூடத்துக்கு வந்ததே இல்லை, யாருக்கும் தெரியாது. இல்லை என்று எழுதினேன். வேறு யார் கையிலும் அந்த மரம் போய்விடக் கூடாது என்று இருந்தது. எதற்கு? உண்மையைக் கண்டுபிடிக்கவா, மறைக்கவா? இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. பொய். எல்லாம் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

நல்ல மரம் உடைந்தால் நீள நீளமாகச் சிராய் நிற்கும். ஒவ்வொரு நாரும் பக்கத்து நாரைப் பிடித்துக்கொண்டு, இழுபட்டு, கடைசியில்தான் விடும். இது சாக்பீஸ் மாதிரி நறுக்கென்று உடைந்திருக்கிறது. விரலால் தேய்த்தால் பழுப்பாகப் பொடி வருகிறது.

மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தேன். மரம் என்பது பக்கம் பக்கமாக அடுக்கிய நீளக் குழாய்கள்தான். குழாய்ச் சுவருக்குப் பலம் தருவது செல்லுலோஸ் இழை, கெட்டியாக வைத்திருப்பது லிக்னின், இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஹெமிசெல்லுலோஸ். சூடும் அமிலமும் சேர்ந்தால் முதலில் கரைவது இந்தக் கடைசி ஆள்தான். அது போன பிறகும் மரம் மரமாகவே இருக்கும். எடை அவ்வளவாகக் குறையாது, நீளம் குறையாது, நிறம் கொஞ்சம் மங்கும். பலம் மட்டும் போய்விடும். நான் பார்த்த எல்லாக் குழாய்களிலும் குறுக்கே வெடிப்பு இருந்தது.

காரத்தில் கொதிக்கவைத்தேன். நல்ல மரத்தில் பத்தில் ஒரு பங்கு கரையும், கொஞ்சம் கூடலாம். இதில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோனது. அமிலத்தைக் காட்டும் pH எண் 2.7; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். நல்ல மரம் 4.5-க்குக் கீழே போவது அபூர்வம். உப்பு ஏற்றிய பிறகு உலர் அறையில் அளவுக்கு மீறிச் சூடேற்றியிருக்கிறார்கள். உப்பு அமிலமாக மாறி அப்போதே மரத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது. மிச்சத்தைப் பதினான்கு மாதச் சலவை நீராவி பார்த்துக்கொண்டது. இரண்டாவது சோதனையைச் செய்திருந்தால் முதல் துண்டிலேயே பிடித்திருப்பேன். அண்ணன் சோதனை இல்லாமலேயே பிடித்தான்.

கடைசியாகக் காடியை அளந்தேன். எட்டு அங்குல உத்தரத்தில் இரண்டு அங்குலம் வரை வெட்டலாம். அவன் வெட்டியது ஒன்றே முக்கால். ஓரங்கள் சுத்தமாக, உளி நழுவாமல். உத்தரம் உடைந்தது அங்கே இல்லை, காடியிலிருந்து இரண்டடி தள்ளி.

மார்ச் 15, சனி

திங்கட்கிழமை சொல்லிவிடுவேன். வேலை போகும், கேஸ் வரும். வரட்டும். திங்கட்கிழமை.

மார்ச் 17, திங்கள்

சொல்லவில்லை. காலையில் அண்ணி போன் செய்தாள்.

"உங்கண்ணன் வெள்ளிக்கெழமையே எழுதிக் கொடுத்துட்டாராம். காடிய ஆழமா வெட்டிட்டேன், தப்பு என்னுதுதான்னு. வக்கீல் தலையில அடிச்சுக்கறாரு. ஏங்க இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டேன். 'அவளே சொல்லிட்டா, அப்புறம் என்ன?'ன்னாரு. யாரு சொன்னா? நீயா?"

ஆமாம் அண்ணி, நான்தான். உங்க வீட்டுக்காரர் கேட்டாரு, நான் சொன்னேன். ரெண்டு தடவ கேட்டாரு, ரெண்டு தடவையும் தப்பாச் சொன்னேன். பாவி நான். எனக்கு எதுக்குப் படிப்பு, எதுக்கு வேலை.

இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "இத ஒம்பதாந்தேதி அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். நான் கிளம்பியபோது வாசல் வரை வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அறிக்கையை எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். சோதனை முடிவுகள், ஒரே எண்கள் உள்ள இரண்டு படிவங்கள், ஜனவரி போன் பேச்சு, உறவு. முழுசாகப் படித்தார். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. "இது உங்களோட நிக்காதும்மா. இங்க எல்லாருமே அப்படித்தான் கையெழுத்துப் போடறோம்" என்றார். தெரியும் என்றேன். "இத நான் வாங்கல. நீங்க குடுக்கல" என்று திருப்பிக் கொடுத்தார்.

நேராக விசாரணை அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம்: படிவத்தில் உறவை மறைத்தது. மற்றதைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இனி நான் சாட்சியாம், தீர்ப்பு வரும் வரை அண்ணனைப் பார்க்க வேண்டாம் என்கிறார் வக்கீல்.

ஏப்ரல் 16, புதன்

சரிந்த கூரையில் மிச்சமிருந்த மரத்தை வேறு கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லி வக்கீல் மனுப் போட்டிருந்தார். மரம் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது, இடத்தை அடைக்கிறது என்று சலவைக்கூடத்துக்காரர் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டாராம். எரிந்திருக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். தீத்தடுப்பு உப்பு ஏற்றிய மரம் ஆயிற்றே. சிரிப்பு வந்தது, பிறகு நிற்கவில்லை, பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார்.

ஜூன் 11, புதன்

சாட்சி சொன்னேன். அரசு வக்கீல் நல்ல மரியாதையான ஆள்.

"குற்றம் சாட்டப்பட்டவர் உங்க கூடப் பிறந்தவர்?"

"ஆமாம்."

"அத மறைச்சுத்தான் இந்தச் சோதனைய எடுத்துக்கிட்டீங்க?"

"ஆமாம்."

"மரத்த வெட்டுனது நீங்க, கரைச்சது நீங்க, எழுதுனது நீங்க. அவர் ஒத்துக்கிட்டதுக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் இந்த அறிக்கை. சரிதானே?"

சரிதான். எல்லாமே சரிதான். அண்ணன் கூண்டில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தான். சின்ன வயதில் நான் மேடையில் பாட்டு மறந்து நின்றபோது பார்த்த மாதிரி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நான்கு வருஷம். தங்கையின் பாசம் புரிந்துகொள்ளக் கூடியதுதான், ஆனால் அறிவியல் ஆகாது என்று தீர்ப்பில் இருக்கிறது. என் மேல் வழக்கு இல்லை. என்னை உள்ளே போட வேண்டுமென்றால் முதலில் நான் சொன்னதை நம்ப வேண்டுமே.

அக்டோபர் 12, ஞாயிறு

ஏழு மாதம் கழித்து அண்ணனோடு நேரில் பேசினேன். நடுவில் கம்பி வலை. இளைத்திருந்தான். உள்ளே தச்சுப் பட்டறை இருக்கிறது, அங்கேதான் போட்டார்களாம். வேண்டாம் என்று கெஞ்சிச் சமையல்கட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். "உளியத் தொட்டா கை வரலடி."

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். படங்களைக் கொண்டுபோயிருந்தேன், வலையில் ஒட்டிக் காட்டினேன். இதோ உன் காடி, இதோ உடைந்த இடம், இரண்டடி தள்ளி. பொறுமையாகப் பார்த்தான். குழந்தை வரைந்த படத்தைப் பார்க்கிற மாதிரி.

"கோர்ட்லயும் நல்லாத்தான் சொன்ன" என்றான்.

"நெஜம்ண்ணே. நீ ஒண்ணும் பண்ணல. நீ முன்னாடியே கேட்ட, நான்தான் போடச் சொன்னேன்."

"அன்னிக்கி அந்த மேஜையில ஒண்ணு சொன்ன பாரு. யோசிக்காம, பட்டுனு. அதாண்டி உண்மை. இதெல்லாம் நீ அப்புறமா உக்காந்து யோசிச்சது."

"இல்லண்ணே. அன்னிக்கிதான் பொய் சொன்னேன்."

"எனக்காக வேலையையும் விட்டுட்டியே, மரமண்டை." அவன் கண் கலங்கியிருந்தது. தன்னை நினைத்து அல்ல, என்னை நினைத்து. எவ்வளவு கத்தினாலும் அந்த முகத்துக்குள் என்னால் போக முடியவில்லை. காவலர் மணி ஆயிற்று என்றார்.

கிளம்பும்போது காவலர் வழியாக ஒரு காகிதம் கொடுத்தான். மூன்று முகவரிகள், செத்துப்போன மூன்று பெண்களின் வீடுகள். "வெளிய வரதுக்கு இன்னும் வருஷம் கெடக்கு. நீ போய்ட்டு வா. நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு."

அக்டோபர் 19, ஞாயிறு

முதல் முகவரிக்குப் போனேன். மாடியில் இரண்டாவது கதவு. துணி மடிக்கிற வேலையில் இருந்தவரின் கணவர் திறந்தார். அறுபது வயது இருக்கும், கையில் பாதி உரித்த வெங்காயம்.

கூரை போட்ட மேஸ்திரியின் தங்கை என்று சொன்னேன். அவர் கதவை மூடவில்லை. அண்ணன் மன்னிப்புக் கேட்டான் என்று சொல்ல வரவில்லை எனக்கு. மரம் கெட்டுப்போயிருந்தது, அதைப் பார்த்திருக்க வேண்டியவள் நான், தப்பு முழுக்க என்னுடையது என்று நின்ற இடத்திலேயே சொன்னேன்.

கடைசி வரை கேட்டார். பிறகு கதவை அகலமாகத் திறந்தார்.

"கூடப் பொறந்தவன் பண்ண தப்புக்கு நீ என்னம்மா பண்ணுவ? உள்ள வா. வந்து உக்காரு."

போய் உட்கார்ந்தேன்.