கடையில் வாங்கிய ரஸ்தாளி

ஆவணி, வெள்ளி இரவு

தொட்டியத்தில் தோட்டம் நிறைய வாழை வைத்திருக்கிறவள், இன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ரஸ்தாளி வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்து நாத்தனார் வீட்டுக்குப் போனேன். எங்கள் தோட்டத்தில்தான் வாடல் நோய் வந்து ஒரு சீப்புகூடத் தேறவில்லையே.

நாத்தனார் உரித்துத் தின்றுவிட்டு, "என்ன இருந்தாலும் நம்ம தோட்டத்துப் பழம் தனிதான் அண்ணி. பொண்ணு வளைகாப்புக்கு ரெண்டு தார் அனுப்பிடுங்க" என்றாள். கடைப் பழம் என்று சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கத்தரி, எள், உளுந்து என்று எல்லாம் விளைந்த மண். அத்தனையையும் அழித்து ரஸ்தாளி மட்டும் வைத்தது இவர்தான். பொய் சொல்லக் கூடாது, முதலில் நன்றாகத்தான் இருந்தது. தார் ஏற்ற வியாபாரி லாரி வயலுக்கே வந்தது, அலைச்சல் இல்லை, நானும் வளையல் போட்டுக்கொண்டேன். பிறகு நோய் ஒரு மரத்தில் பிடித்து, ஒன்று விடாமல் தின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தால் இவர் வாழைக் கன்றுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"மறுபடியும் ரஸ்தாளியா? அதே மண்ணுலயா?"

"வேற போட்டா லாரி வராது."

வளைகாப்புக்கான இரண்டு தாரையும் கடையில்தான் சொல்லிவைக்க வேண்டும். பிள்ளை பிறந்து பெயர் வைக்கும்போதும் அந்தக் கடைதான்.