காற்றுக் குழாயில் சென்னாக்குன்னி

நைனா,

இன்று காலை ரயிலில் பக்கத்து அம்மாளின் கூடையிலிருந்து சென்னாக்குன்னிக் கருவாட்டு வாசம் வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ கண்மூடி எட்டு மாதமாகிறது.

நீ கம்பெனிக் கார் ஓட்டிய காலத்தில் ஒரு நாள், அதிகாரியைப் பொன்னேரியில் இறக்கிவிட்டுத் திரும்பியவன், அத்தை வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த என்னை வழியில் பார்த்துக் காரில் ஏற்றிக்கொண்டாய். அது கூடாது என்று இருவருக்குமே தெரியும். அத்தை கொடுத்த சென்னாக்குன்னிப் பொட்டலத்தை டேஷ்போர்டின் மேல் வைத்தேன். ரயில்வே கேட்டில் வண்டி குலுங்கியதும் காகிதம் கிழிந்து, காய்ந்த பொடி இறால் முழுக்கக் காற்று வரும் வட்டத் துளைக்குள் இறங்கிவிட்டது.

"வேல பூடும்மே. அந்தாளு வெத்தல வாசனைக்கே மூஞ்ச சுளிப்பாரு," என்றாய். நாலு மணி ரயிலில் அவர் கும்மிடிப்பூண்டி வந்துவிடுவார், நீ ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தினாய். துளையின் மூடிக்குத் திருகாணி இல்லை, அழுத்திப் பொருத்தியது. டேஷ்போர்டில் கீறல் விழாமலிருக்க உன் துண்டை மடித்து விளிம்பில் வைத்தேன். அதன்மேல் ஸ்குரூ டிரைவரை ஊன்றி நெம்பினாய். அவசரத்தில் மூடியின் நான்கு பற்களில் ஒன்று உடைந்தது. உன் கை நுழையவில்லை. நான் கையை விட்டு அள்ளினேன்.

"கொட்டிடாத, கொயம்புக்கு ஆவும்," என்றாய், அந்தப் பயத்திலும்.

மூடியைத் திருப்பி அழுத்தினோம். உட்கார்ந்தது, ஆனால் ஆடியது.

"சொல்லிடலாம் நைனா."

"நீ சும்மா இரு. மின்னாடியே அப்டித்தான் இருந்திச்சின்னு சொல்லிக்கிறேன். நல்ல வேள, உனக்கு வாயே கெடையாது."

அதிகாரி வந்து உட்கார்ந்து மூடியைத் தொட்டார். கையோடு வந்துவிட்டது. அவர் உன்னைப் பார்த்தார். நீ ஸ்டியரிங்கைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தாய். முன்பே இறங்கி வேலியோரம் நின்ற நான் எப்படி ஜன்னலுக்கு வந்தேன் என்று தெரியாது.

"சார், ஒடச்சது நாங்கதான். எங்க நைனா என்னை ஏத்திக்கினு வந்தாரு. சென்னாக்குன்னி உள்ள கொட்டிடுச்சு."

"எல்லாத்தையும் எடுத்தாச்சா?"

"ஒன்னு ரெண்டு இருக்கும் சார்."

அவர் மூடியை என் கையில் கொடுத்தார். "கழட்டினவங்களே மாட்டுங்க."

உடைந்த பல்லின் இடத்தில் உன் சிகரெட் அட்டையைக் கிழித்து மடித்துச் செருகினேன். இந்தமுறை ஆடவில்லை. அவர் விரலால் தட்டிப் பார்த்தார். "இனிமே ஏத்தறதுக்கு முன்னாடி என்னைக் கேளு," என்று உன்னிடம் சொன்னார். அவ்வளவுதான்.

வீட்டில் கேட்டாய்: "ஸ்கூல்ல வாத்தியாரு கேட்டா ஊமையாட்டம் நிப்ப. அதனாலதான படிப்ப வுட்ட. இன்னைக்கி எப்பிடிமே வாய் வந்திச்சு?"

"உன் வேல பூடுமேன்னு பயந்தேன் நைனா."

நீ எனக்குச் சோறு போட்டாய்.

இப்போது தொழிற்பேட்டையில் எனக்கு டப்பாக்களுக்கு மூடி மாட்டும் வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் கை நழுவி ஒரு மூடி விரிசல் விட்டுவிட்டது. "பெட்டிக்கு அடியில போட்டு மறைச்சுடு," என்றாள் பக்கத்தில் இருந்தவள். நான் எழுந்து நின்று மேஸ்திரியைக் கூப்பிட்டேன். முதல் தடவை என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார்.